அழைப்பு வந்தவரை ஏற்றிச் செல்லும் வழக்கம்

பிப்ரவரி 9
எங்கள் ஐஸ் ஹாக்கி அணியின் ஆட்டக்காரன் பெல்கிக்கு, நேற்றிரவு ஆட்டத்தில் ஆட வரச்சொல்லி நகரத்துப் பெரிய அணியிலிருந்து அழைப்பு. அப்படி அழைக்கப்படுபவரை ஊர்க்காரர்கள் முறை வைத்து விமான நிலையத்தில் விடுவது இங்கே வழக்கம். நேற்று என் முறை. பனிப்புயலில் விமானங்கள் நின்றுவிட்டதால், நகரம்வரை நானே ஓட்டினேன். சாலைப் பனியை வாரித் தள்ளும் பனிவாரி வண்டியை இருமுறை முந்தினேன். "மேடம், லேட்டானாலும் பரவால்ல, உயிரோட போவோம்," என்றான். லேட்டாகத்தான் போனோம். ஆனாலும் ஒரு கோல் போட்டான்.

மார்ச் 2
பெரிய அணியின் சங்கம், தன் துணை அணியான எங்கள் அணியை இங்கேயே வைத்திருப்பதா, தன் நகரத்தருகே கொண்டுபோவதா என்று ஊரைக் கேட்க வருகிறது. அணி போனால் இந்தக் குளிர்காலங்களில் எங்களுக்கு மிஞ்சுவது குளிர் மட்டுமே. பனியரங்கின் மேலாளர் வெண்டல், மறைந்த என் தங்கையின் கணவன், வந்தான். "பெல்கி கதையை நீங்கதான் சொல்லணும், மூரியல். உங்களுக்குத்தான் நாக்கு இருக்கு." கல்லூரியில் புவியியல் கற்பித்த நாக்கு, மறுக்குமா?

மார்ச் 9
ஊர்க் கூட்டத்தில் சொன்னேன். மண்டபமே எழுந்து கைதட்டியது. சங்கத்து மனிதர் கேட்டது ஒன்றுதான்: "அப்போ முதல் இருபது நிமிஷ ஆட்டத்துல அவர் இல்லை?"
"இல்லை, ஆனால்—"
தலையசைத்துக்கொண்டார். வெண்டல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 10
ஏன் கூரை?

மார்ச் 23
அணி போகிறது. அழைத்தால் அரை மணியில் ஆள் வந்து நிற்க வேண்டுமாம். எங்கள் பக்தி என்று நினைத்து, எங்கள் தூரத்தை அவர்களிடம் நானே நிரூபித்திருக்கிறேன்.

மார்ச் 27
உணவகத்தில் டோரிஸ் காபி ஊற்றியபடி, "உனக்குத் தெரியாதா? புது அரங்கத்துக்கு வெண்டல்தான் மேனேஜராம். கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே பேசி முடிச்சாச்சாம்," என்றாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு என் மேசையில் வான்கோழியை இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றவன்.
நேரே போய்க் கேட்டேன்.
"அவங்க எப்படியும் போயிருப்பாங்க, மூரியல். யார் சொன்னா என்ன?"
"அப்படியானால் நீயே சொல்லியிருக்கலாமே?"
"நான் சொன்னா ஊரு மன்னிக்காதே."
நான் சொன்னா மட்டும் மன்னிச்சிடுமா? என் தங்கை இருந்திருந்தா உன்னை வாசப்படி ஏற விட்டிருப்பாளாடா?

ஏப்ரல் 4
கசாப்புக் கடைக்காரர்: "கதை நல்லா சொன்னீங்க, மேடம்." சுற்றியிருந்தவர்கள் சிரிக்கவில்லை. அதுதான் மோசம்.

ஏப்ரல் 11
மறுபடி பனி. ஆனால் விமானங்கள் நிற்கவில்லை. புது அரங்கில் இன்று மாலை வெண்டலைப் பத்திரிகையாளர்களுக்கு அறிமுகம் செய்யும் விழா. காரை விற்றுவிட்டான். விமான நிலையத்துக்கு ஊரில் ஒருவரும் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் என் வாசலுக்கு வந்தான்: "மூரியல்... நம்ம ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்கே..."
"இருக்கிறது. ஏறு."
மலைப்பாதையில் பனிவாரி எங்களுக்கு முன்னே ஊர்ந்துகொண்டிருந்தது.
"முந்துங்க, மூரியல்! விமானம் போயிடும்!"
"வழுக்கும், வெண்டல்."
விமான நிலையத்தில் பெட்டியை இறக்கும்போது தலைக்கு மேல் அவன் விமானம் போகும் சத்தம் கேட்டது. அவன் அண்ணாந்து பார்த்தான். மீண்டும் கூரை பார்க்கும் அதே முகம்.
நிதானமாக ஓட்டினால் இத்தனை பெட்ரோல் மிஞ்சும் என்பதை இவ்வளவு காலம் கவனிக்கவே இல்லை.