எடைக்குச் சேர்ந்த உப்பு

நேற்று நத்தத்திலிருந்து புதுப்புளி வந்தது. உன் தம்பி மகன் வழக்கம்போல லாரி சர்வீஸில் போட்டுவிட்டிருந்தான். நீ போய் மூன்று வருஷமாகியும் அவன் நிறுத்தவில்லை. நம் மகள் சாக்கைப் பிரித்தாள். அந்த வாடை கூடம் வரை வந்து, நாற்காலியில் சாய்ந்து கிடந்த என்னை நிமிர வைத்தது. எழுத எனக்குத் தெம்பில்லை. நாலு வரிக்கே விரல் வலிக்கிறது. ஆனாலும் நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் பழையதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உனக்கே தெரியாது.

உன் அய்யா நத்தத்தில் புளித் தரகர். நீ சின்ன வயதிலேயே அவரோடு மண்டியில் உட்கார்ந்து ருசி பார்த்துப் பழகியவள். புளி கெடாமலிருக்க உப்புச் சேர்ப்பார்கள், எடை கூட்டுவதற்கென்று அதிகமாகவும் சேர்ப்பார்கள். ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தால் எது எவ்வளவு என்று நீ சொல்லிவிடுவாய். கல்யாணமாகி வந்த முதல் மாதமே கடைப் புளியை வாயில் வைத்துவிட்டு, "எடைக்கு உப்பு போட்டுருக்கான் அத்தை" என்றாய். எதற்கும் வாயைத் திறந்து பாராட்டாத என் அம்மா அன்றைக்கு உன்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

நான் அப்போது திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் வேதியியல் வாத்தியார். வகுப்பு முடிந்த பிறகு, மதராஸில் இருந்த ஒரு பேராசிரியரிடம் பதிவு செய்து, டாக்டர் பட்டத்துக்காக ஒரு பெப்டைடு செய்துகொண்டிருந்தேன். இயற்கையில் அப்படியே கிடைக்காத, கையாலேயே கோத்துச் செய்ய வேண்டிய பொருள். அது என்ன என்று நீ கேட்டதற்கு, "அஞ்சு வகைப் பூவை ஒரே வரிசையில கட்டுற மாதிரி. ஒரு பூ இடம் மாறினாலும் அது வேற சரம்" என்றேன். "ஒரு முழம் கட்ட மூணு வருஷமாங்க?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. ஐந்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் பாதியை இழந்து, பிசினாகப் போனதைத் தூக்கிக் கொட்டி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியவனுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைக்கத்தான் செய்யும்.

அதன் குணங்களை எழுதி வைத்த நோட்டு இன்னும் இருக்கிறது. வெள்ளைத் தூள். பஞ்சு மாதிரி லேசானது. தண்ணீரில் போட்டவுடன் கரையும், ஈதரில் கரையாது. சூடாக்கினால் ஒழுங்காக உருகாது, பழுப்பேறிக் கருகிவிடும். நின்ஹைட்ரின் என்ற மருந்தைத் தெளித்துச் சூடு காட்டினால் காகிதத்தில் ஊதாப் புள்ளியாகத் தெரியும். அந்த மருந்து பட்டு என் விரல்களும் ஊதாவாகத்தான் இருக்கும். "வருஷம் பூரா எலெக்‌ஷனாங்க உங்க காலேஜுல?" என்று நீ கேட்டது கூட ஞாபகம் இருக்கிறது.

அந்தச் சித்திரையில் கல்லூரி விடுமுறை. ஆய்வுக்கூடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். அதனால் செய்து முடித்த தூளைச் சின்னக் குப்பியில் போட்டு, ஈரத்தை இழுக்க அடியில் சுட்ட சுண்ணாம்புக்கல் பரப்பிய கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். மொத்தமே ஒரு தேக்கரண்டி தேறாது. சுத்தமான பொருள், காகிதத்தில் ஒரே புள்ளிதான் என்று பேராசிரியருக்குக் கடிதமும் போட்டாயிற்று. ஆய்வேட்டை ஆடிக்குள் கொடுத்துவிட்டால் மதராஸில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை நிச்சயம் என்று அவர் எழுதியிருந்தார்.

ஒரு மத்தியானம், குப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தேன். நீ காபி கொண்டுவந்தாய்.

"என்னங்க இது, கட்டி தட்டிருக்கு?"

"காத்துல ஈரம்."

"சித்திரை வெயில்ல திண்டுக்கல்லுல ஈரமா?"

நான் தலை நிமிர்வதற்குள் உன் விரல் நுனி குப்பிக்குள் போய் நாக்குக்கும் போய்விட்டது. நீ யோசித்துச் செய்யவில்லை. மண்டியில் பழகிய கை அது. கண்ணை இடுக்கிக்கொண்டு, "உப்புக் கரிக்குதுங்க. பொறவுதான் ஒரு கசப்பு வருது. எடைக்கு உப்பு சேர்ந்துருக்கு" என்றாய்.

நான் கத்தினேன். "மூணு வருஷ உழைப்புடி! எச்சி விரலை விட்டுட்டியே!" அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். நீ கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு சுவரோரம் நின்றாய். காபி அப்படியே ஆறிப் போயிற்று.

உனக்குத் தெரியாதது இனிமேல்தான்.

மறுநாள் காலை வாட்ச்மேனைக் கெஞ்சி ஆய்வுக்கூடத்தைத் திறக்கச் சொன்னேன். நீ சொன்னது பொய் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளத்தான் போனேன். ஒரு சிட்டிகைத் தூளைத் தகட்டில் வைத்து எரித்தேன். சுத்தமான பெப்டைடு என்றால் எரிந்து ஒன்றுமே மிஞ்சக் கூடாது. சுடர் மஞ்சளாகத் துள்ளியது. தகட்டில் வெள்ளையாக ஒரு படிவம் நின்றது. எவ்வளவு சூடேற்றியும் அது போகவில்லை. கடைசிப் படியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சமன் செய்யக் காஸ்டிக் சோடா சேர்த்திருந்தேன். இரண்டும் சேர்ந்தால் சமையல் உப்பு. அதைப் போக்க ரெசின் குழாயில் இரண்டு தடவை வடிக்க வேண்டும். அவசரத்தில் நான் ஒரு தடவை வடித்ததோடு விட்டுவிட்டேன். நின்ஹைட்ரின் உப்பைக் காட்டாது, அதனால்தான் ஒரே புள்ளி. குப்பியில் பாதிக்குப் பாதி உப்பு. பொருளின் உண்மையான ருசி கசப்பு என்பது கூட நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தேன். நீ வாசலிலேயே நின்றாய். அழுது அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. "கெட்டுப் போச்சாங்க?" என்றாய். அம்மா உனக்குப் பின்னால் நின்றாள்.

"கெட்டுப் போச்சு. திரும்பச் செய்யணும்."

அவ்வளவுதான் சொன்னேன். யாரால் என்று சொல்லவில்லை. சொல்லாததையே நீங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டீர்கள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. உப்பைப் போக்கிய பின் மிஞ்சியது சோதனைகளுக்குப் போதவில்லை, மறுபடி செய்ய ஏழு மாதம் ஆனது. மதராஸ் வேலை வேறொருவருக்குப் போயிற்று. பேராசிரியர் அந்தப் பொருள் மருந்தாகுமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, எந்த விளைவும் இல்லை என்று ஒரு கார்டு போட்டார். பட்டம் மட்டும் வந்தது. ஆய்வேட்டில் கண்ணாடிக் குழாய் ஊதித் தந்தவருக்குக்கூட நன்றி எழுதினேன், உனக்கு எழுதவில்லை.

அதற்குப் பிறகு நீ எதையும் ருசி பார்த்து நான் கண்டதில்லை. குழம்பு கொதிக்கும்போது கரண்டியை என்னிடம் நீட்டுவாய், "உப்பு சரியா இருக்கா பாருங்க." எரியோட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ உன் நாக்கைப் புகழ்ந்தபோது, "அய்யோ, இந்த நாக்குதான் இவுக வேலையைக் கெடுத்துச்சு" என்று சிரித்தாய். நான் பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "அந்தத் தூளு என்னாலதான..." என்று நீ ஆரம்பித்தாய். "இப்ப எதுக்கு அது? செத்த நேரம் தூங்கு" என்றேன். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். நான் கோழைதான், வேறு பேர் இல்லை.

நேற்று சாப்பாட்டில் பேச்சு அந்தத் தூளில் வந்து நின்றது. பேத்தி கேட்டாள்: "தாத்தா, ஆச்சி உங்க பிஎச்டிய நக்கிட்டாங்களாமே?" எல்லோரும் சிரித்தார்கள். நான் கையைக் கழுவிவிட்டு வந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரெசின், காஸ்டிக் சோடா, தகட்டில் நின்ற உப்பு, வாசலில் நான் சொல்லாமல் விட்டது, ஒன்று விடாமல் சொன்னேன்.

நம் மகள் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். மாப்பிள்ளையைப் பார்த்து, "பாருங்க, அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு. இன்னும் அவங்கள விட்டுக்கொடுக்க அப்பாவுக்கு மனசு வரல. பழியத் தன் மேல போட்டுக்கிறார்" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. மாப்பிள்ளை மரியாதையோடு தலையாட்டினார்.

"இல்லம்மா, நெசமாத்தான்" என்றேன். "சரிப்பா, சரிப்பா" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

உண்மையைச் சொன்னதற்கும் நல்ல பேர் எனக்கே வந்துவிட்டது. உன் பேரில் அந்தப் பழி அப்படியே இருக்கிறது. அதை எடுக்க இனி எனக்கு வழி தெரியவில்லை.