நான்காவது நிமிடத்துக் காகம்

20.01.2014, திங்கள்
ஆறாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். தமிழ்ப் புத்தகம் பதினொன்று. கல்விக் கந்தோரில் கேட்டால், "போன வருசக் கணக்குக்குத்தான் அனுப்பினது, ரீச்சர்" என்கிறார்கள். போன வருடம் பதினொரு பிள்ளைகள்தான், உண்மை. பிறகு, சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்த சனம் புத்தளத்திலிருந்தும் இந்தியாவின் மண்டபம் முகாமிலிருந்தும் திரும்பி வந்தது. வரச் சொன்னதும் இந்த அரசாங்கம்தானே? வந்த பிள்ளைக்கு ஒரு புத்தகம் கொடுக்க வக்கில்லை. பங்குனிக் கடைசியில் பரீட்சை மட்டும் எல்லாருக்கும் உண்டு!

24.01.2014
முடிவு செய்துவிட்டோம். சிலாவத்துறையில் படிப்பிக்கிற இன்சாப் சேரும் நானும் பாடங்களை நாங்களே எழுதப் போகிறோம், கைபேசியில் வாசிக்கிற மாதிரிப் பெரிய எழுத்தில். புத்தகம் இல்லாத வீட்டிலும் ஒரு கைபேசி இருக்கிறது. மெமரி கார்ட்டில் ஏற்றிக் கொடுத்தால் போதும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்காக என் குரலிலும் பதிய வேண்டும். முதல் பக்கத்தில் அவர் எழுதினார்: "யாரும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம்." கீழே எங்கள் இருவரின் பெயர்கள்.

01.02.2014, சனி
பள்ளிக்கூடத்தில் கூரை வேலை. சுத்தியல் சத்தம் தாங்க முடியவில்லை. றஞ்சிதம் அக்கா தன் வீட்டைத் தந்தார். என் வகுப்பு யசோதாவின் தாய்; முகாமிலிருந்து வந்து இங்கே கருவாடு போடுகிறார். பள்ளிவாசலின் பின்னேர அசர் பாங்குக்கும் மாதா கோவில் பூசை மணிக்கும் இடையில்தான் கடற்கரை கொஞ்சம் அமைதி. அதற்குள் பதிய வேண்டும். மூன்றாம் பாடம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நான்காவது நிமிடத்தில் முற்றத்திலிருந்து அக்கா கத்தினார்: "கோதாரி விழுந்த காகம்! என்ர சீலாக் கருவாட்டைத் தூக்கிற்றுது!"

திரும்பப் பதிவதற்குள் மணி அடித்துவிட்டது. அக்காவின் கத்தலோடு அப்படியே கொடுத்துவிட்டோம்.

17.02.2014
யசோதா இன்று ஒரு பாடம் முழுவதையும் நிற்காமல் வாசித்தாள்.

05.03.2014
கந்தோரிலிருந்து உதவிப் பணிப்பாளர் வந்தார். கதிரையில் அமரும் முன்பே கேள்வி.

"அனுமதி எடுத்தனீங்களோ? புத்தகம் எழுதிறது உங்கட வேலையில்லை."

"அப்ப எதை வைச்சுப் படிப்பிக்கிறது, சேர்?"

கார்ட்டைப் போடச் சொன்னார். மூன்றாம் பாடத்தை இரண்டு நிமிடம் கேட்டார். "தரமில்லை" என்றார். தரமில்லாத கார்ட்டைக் கவனமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

12.03.2014
கடிதம் வந்தது. அனுமதியற்ற பாடங்களை உடனே நிறுத்தவும். பதினான்கு நாளில் விளக்கம் தரவும், பிறகு விசாரணை. என்னை எங்கேயோ தூரத்தில் இருக்கிற பெரியமடுவுக்கு மாற்றப் போவதாகவும் கதை. "மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதி விடுங்கோ" என்கிறார் அதிபர். மன்னிப்போ? நான் என்ன களவெடுத்தனானோ? எழுத மாட்டன். வகுப்பில் நிறுத்திவிட்டேன், வேறு வழியில்லை.

றஞ்சிதம் அக்கா வாசலில் நின்று சொன்னார்: "உங்களத்தானே நிப்பாட்டச் சொன்னது? எங்கட போனுக்கு ஆர் கடிதம் போட்டது?"

24.03.2014
எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் கந்தோரிலிருந்து மெமரி கார்ட். "எமது அலுவலகம் தயாரித்த இலவச மின்பாடங்கள்." முதல் பக்கத்தில் உதவிப் பணிப்பாளரின் படம், பெரிதாக. உள்ளே எங்கள் பாடங்கள், எழுத்துக்கு எழுத்து. என் குரல். எங்கள் பெயர்கள் மட்டும் இல்லை.

யாரும் எடுக்கலாம் எண்டு எழுதினது நாங்கள்தான், ஓம். எடுக்கட்டும்! அதுக்காகப் பாடம் அவருக்கும் விசாரணை எனக்குமோ? இன்சாப் சேர், "பிள்ளையள் படிச்சாச் சரி, விடுங்கோ" என்றார். விடுறதாம்! அவரோடும் சண்டை பிடித்தேன்.

அந்தக் கார்ட்டை அதிபர் போடச் சொன்னார், வகுப்பில் போட்டேன். நான்காவது நிமிடம்: கோதாரி விழுந்த காகம்! அந்த மனிசன் இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்கவே இல்லை. யசோதா மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். "ரீச்சர், எங்கட அம்மா!"

25.03.2014
விளக்கம் அனுப்பினேன். "தங்கள் அலுவலகம் தயாரித்த மூன்றாம் பாடத்தின் நான்காவது நிமிடத்தைத் தயவுசெய்து கேட்கவும். அங்கே கத்துபவர் திருமதி றஞ்சிதம். விசாரணைக்கு வரத் தயாராக இருக்கிறார். காகத்துக்கு மட்டும் நான் பொறுப்பில்லை."

04.04.2014
யசோதாவுக்குத் தமிழில் எழுபத்தொன்று.

விசாரணைக்கு ஒருவரும் கூப்பிடவில்லை, இடமாற்றமும் வரவில்லை. கந்தோரிலிருந்து புதுக் கார்ட் ஒன்று வந்தது. படம் அப்படியே இருக்கிறது. எங்கள் பெயர்கள் இன்னும் இல்லை. நான்காவது நிமிடத்தை வெட்டிவிட்டார்கள்; அந்த இடத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அந்த இடம் வந்ததும் நாற்பத்து மூன்று பிள்ளைகளும் சேர்ந்து கத்துகிறார்கள்.