இருமுறை நீக்கிய ஓட்டம்

ரயிலில் வேப்பம்பட்டில் ஏறிய ஒரு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டார். பெட்டி முழுக்க உன் வாசனை, தோழி. உனக்கு எந்நேரமும் தலைவலி. அதில் பாதி என்னால் வந்தது.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே நாம் இருவரும் விண்மீன் மண்டலங்களின் வேகத்தைக் கணக்கிட்டோம், நினைவிருக்கிறதா? பேரண்டம் பிறந்த காலத்து நுண்ணலை ஒளி வானமெங்கும் பரவியிருக்கிறது. நாம் போகும் திசையில் அது துளி சூடாகவும், எதிர்த்திசையில் துளி குளிராகவும் தெரியும். அதை வைத்து நம் ஓட்டத்தை அறிந்து, வானியலாளர்கள் வெளியிட்ட பட்டியலிலுள்ள மற்ற மண்டலங்களின் வேகத்திலிருந்து நீக்க வேண்டும். நீக்கினேன். அப்புறமும் எல்லா மண்டலங்களும் ஒரே பக்கமாக ஓடின. பெரிய கண்டுபிடிப்பு என்று குதித்தேன்.

நீ திரையையே பார்த்தாய். "நாம போற பக்கமே எல்லாம் போவுதுன்னா இன்னாடி அர்த்தம்? ஓடறது அதுங்க இல்ல, நாம. லிஸ்ட்டுலயே கழிச்சி குடுத்துக்கீறாங்களோ இன்னாவோ, பாரு."

"எனக்கே கணக்கு சொல்லிக் குடுக்க வந்துட்டியா? உன் வேலையப் பாரு."

"சரி தாயே, கோச்சிக்காத" என்று சிரித்தாய். அடுத்த மாதமே காய்ச்சலில் போய்விட்டாய். நான் வீம்பாக இருவர் பெயரையும் போட்டுக் கட்டுரையை முடித்தேன்.

இன்று அதை ஆய்விதழுக்கு அனுப்பும் நாள். தைல வாசனை வந்ததும் மனசு கேட்கவில்லை. லேப்டாப்பை மடியில் விரித்து, பட்டியலின் விளக்கக் குறிப்பை முதன்முறையாக முழுசாகப் படித்தேன். கடவுளே! நம் ஓட்டத்தை அவர்களே நீக்கித்தான் கொடுத்திருக்கிறார்கள். நான் அதற்குமேல் இன்னொரு முறை நீக்கியிருக்கிறேன். கணக்குப் போடும் நிரலில் அந்த ஒரு வரியை அழித்து மறுபடி கணக்கிட்டேன். ஆவடி வருவதற்குள் என் கண்டுபிடிப்பு காணாமல் போனது.

"அப்பாடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

தைலக்கார அம்மா திரும்பினார். "இன்னாம்மா, ரிசல்ட்டு வந்துச்சா?"

"வந்துச்சிக்கா. ஃபெயிலு."

"ஃபெயிலாயிட்டா சிரிக்கிற?"

ஆமாம், சிரித்தேன். நீ அன்றே சுட்டிக்காட்டிய தவறை உன் பெயரிலேயே ஊருக்கெல்லாம் அனுப்ப இருந்தேனே, தப்பித்தேன். நீ சொன்னதுதான் சரி, நான்தான் மடச்சி. இதை உன் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லையே என்பதுதான் குறை.

கும்மிடிப்பூண்டி ரயில் மாறிக் கல்லூரிக்குப் போனதும், முதல் வகுப்பிலேயே ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், போர்டுல நீங்க போட்டது தப்பு."

'உன் வேலையப் பாரு' என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். சாக்பீஸை அவளிடம் நீட்டி, "எங்க, காட்டு" என்றேன்.