தலைவர் முகத்தில் ரத்தம் படாமல்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முதுகு வலிதான் போகவில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே அடுத்தவர் துணிக்கு இஸ்திரி போட்டால் எப்படிப் போகும்? போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. தபால் தாமதம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு செய்தி இருக்கிறது. அங்கே வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். எரிகல் குழுவில் பாடிய உன் தலைவரும், சங்கிலி குழுவில் கிடார் வாசிக்கிற நீளவிரலும் சேர்ந்துவிட்டார்கள். கூடவே பழைய குழுக்களிலிருந்து ஒரு டிரம்காரர், ஒரு பேஸ் கிடார்காரர். நாலு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. புதுக் குழுவின் பெயர் ‘மிச்சம்’. மேடையில் தலைவர் நீளவிரலைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். எல்லார் போனிலும் அந்தப் படம்தான் ஓடுகிறது.

சிலர் சந்தோஷமாக இருக்கிறார்கள். இரண்டு குழுக்களின் பாட்டையும் ஒரே மேடையில் கேட்கலாமே என்கிறார்கள். நம் எரிகல் ஆட்கள் அப்படி இல்லை. மைதானத்துச் சுவரில் இருந்த தலைவர் படத்தின் மேல் சாக்கடைத் தண்ணீரை ஊற்றினார்கள். இசைத்தட்டுக் கடையின் கண்ணாடியை உடைத்தார்கள். உன் நண்பன் ஆணி நம் வீட்டுக்கு வந்தான். அம்மா இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி வைத்திருந்தாள். "அம்மா, ஒரு நிமிஷம் குடுங்க" என்று வாங்கி, கையில் பச்சை குத்தியிருந்த தலைவர் முகத்தின் மேல் அழுத்தினான். சத்தமே போடவில்லை. அந்த நாற்றம் இன்னும் திரைச்சீலையில் இருக்கிறது. போகும்போது, "மிச்சமாம் மிச்சம், நாம என்ன குப்பையா?" என்று சிரித்துவிட்டுப் போனான். அம்மா அந்தப் பெட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அடுத்த நாள் அதே பெட்டியால்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். வேறு பெட்டி ஏது?

இன்னொரு செய்தி நல்லது. நன்னடத்தை அலுவலர் அம்மா வந்திருந்தார். சிறையிலிருந்து உன்னை முன்கூட்டியே விடுவதைப் பற்றிப் பேசினார். உன்னால் ஒரு கண் போன அந்தச் சங்கிலி குழு ரசிகர், வெல்டர், ஆட்சேபம் சொல்லக் கூடாது. வீட்டில் இருப்பவர்களும் உன்னை ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். அவ்வளவுதான். கோடை முடிவதற்குள் நீ வீட்டில் இருப்பாய் என்றார். அம்மா அவர் எதிரிலேயே அழுதுவிட்டாள்.

வெல்டரை நானே போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எனக்கு அடுத்தவரிடம் பேச வராது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் போகிறேன்.

உன் தங்கை

பிப்ரவரி 15

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே இங்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. என் அறையில் சங்கிலிக்காரன் ஒருத்தன் இருக்கிறான். விடிந்ததும் ஆரம்பித்துவிடுகிறான். "என்ன தம்பி, உங்க தலைவர் எங்க ஆளுக்குப் பின்னாடி நின்னு பாடுறாராமே! இதுக்கா ஒருத்தன் கண்ணைப் புடுங்கின?" என்கிறான். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். கை வைத்தால் விடுதலை போய்விடும். என் முன்கையை நானே கடித்துக்கொண்டு படுக்கிறேன். பல் பதிந்த இடத்தில் சீழ் வைத்துவிட்டது.

நான் யாருக்காக உள்ளே வந்தேன்? அந்த விரல்காரன் மேடையில் நம் தலைவரைக் கிழட்டு நாய் என்று சொன்னான். அதற்காகத்தான் கொடிக்கம்பை எடுத்தேன். இப்போது அவனுக்கு முத்தமா?

நீ வேலை செய்கிற அச்சுக்கூடத்தில்தான் மிச்சம் குழுவின் படம் போட்ட சட்டை அடிக்கிறார்கள் என்று ஆணி பார்க்க வந்தபோது சொன்னான். நீ ஏன் இதை எழுதவில்லை? நீ அதைத் தொடக் கூடாது. ஒரு சட்டைகூட அங்கிருந்து வெளியே போகக் கூடாது. ஆணியைப் பார்த்து நான் சொன்னேன் என்று சொல். எல்லாரும் சட்டையைத் திருப்பிப் போடட்டும். அவ்வளவு சொன்னால் போதும்.

அலுவலர் அம்மா வந்து கேட்டால் நீ தலையை மட்டும் ஆட்டு. பேச வேண்டியதை அம்மா பேசுவாள்.

அண்ணன்

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆணியிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

சட்டையைத் திருப்பிப் போடுவதென்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? நம் வீட்டுக் கூடத்தில்தானே எல்லாரும் மாற்றிக்கொள்வீர்கள். அடிதடிக்குப் போவதற்கு முன்னால் படம் உள்ளே போகும்படி திருப்பிப் போடுவீர்கள். தலைவர் முகத்தில் ரத்தம் படக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் அம்மா வாளியில் ஊறப் போடுவாள், தண்ணீர் சிவக்கும். மறுபக்கம் தலைவர் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருப்பார். சின்ன வயதில் அதைப் பெரிய மரியாதை என்று நினைத்திருந்தேன்.

வெல்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் பட்டறை வாசலில் வெகுநேரம் நின்றேன். அவரே வந்து, "யாரும்மா? இரும்புக் கேட்டு செய்யணுமா, ஜன்னலா?" என்று கேட்டார். உன் தங்கை என்று சொன்னேன். அவர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. அப்புறம், "உட்காரு" என்றார்.

இப்போது அவர் பற்றவைப்பதில்லை. ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடவில்லையாம், கம்பியை ஒரு விரல் தள்ளி வைத்துவிடுகிறாராம். மற்றவர்கள் பற்றவைத்ததைத் தேய்த்துக் கொடுக்கிறார். அந்த இடது பக்கத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே உன் விடுதலைக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டேன். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

"உங்கண்ணன் அந்தப் படத்தைப் பாத்தானா? ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கிறதை?"

"கேள்விப்பட்டான்."

"நான் பாத்தேன். என் பொண்டாட்டி காட்டினா. ரெண்டு நாள் சோறு இறங்கல. அப்புறம் சிரிப்பு வந்துருச்சு. என் கண்ணை அவங்க ரெண்டு பேரும் கேக்கவும் இல்ல, வாங்கவும் இல்ல. நாங்களாத்தான் கொண்டுபோய்க் குடுத்தோம்." பிறகு சுத்தியலால் மேஜையை லேசாகத் தட்டினார். "நான் ஆட்சேபம் சொல்லல. வரட்டும். வந்து அந்தப் பாட்டைக் கேக்கட்டும்."

திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன், சந்தோஷமா என்னவென்று தெரியவில்லை. அம்மா உன் கட்டிலைத் தட்டிப் போட்டுவிட்டாள். அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டாய், அண்ணா. இப்போது எதையும் கெடுத்துவிடாதே.

சட்டை வேலையைப் பற்றி எழுதாமல் விட்டது நீ வருத்தப்படுவாய் என்றுதான். நீ சிறைக்குப் போன அந்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோது, வாய் திறந்து பேசாத பெண்ணை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. அச்சுக்கூட மாஸ்டர்தான் எடுத்தார். "இங்க பேச வேண்டியது மை மட்டும்தான்" என்றார். நிறத்துக்கு ஒரு ஃபிரேம், வலைத்துணி கட்டியது. மையை ஊற்றி ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும், பாதியில் கை நின்றால் படம் கெட்டுவிடும். அந்த இழுப்பை எனக்குச் சொல்லிக் கொடுக்க அவர் எத்தனை சட்டைகளை வீணாக்கினாரோ! ஒருநாளும் திட்டியதில்லை. அவரை ஒன்றும் செய்துவிடாதீர்கள்.

உன் தங்கை

மார்ச் 4, செவ்வாய்

பாப்பா,

நீ பெரிய மனுஷி ஆகிவிட்டாய், சரி. நீ சொல்லாவிட்டால் என்ன, ஆணி இங்கே மறுபடியும் பார்க்க வந்தான்.

வரும் வெள்ளிக்கிழமை நீ வேலைக்குப் போகாதே. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இரு. அம்மாவுக்குத் துணி மடித்துக் கொடு. ஏன் என்று கேட்காதே, அண்ணன் சொல்வதைக் கேள்.

வெல்டர் சொன்னது கேட்டுச் சந்தோஷம்.

அண்ணன்

மார்ச் 29

அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாதே என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் திங்கட்கிழமை வந்தது. உங்கள் கடிதங்களைப் படித்துப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள் என்பதை நீயே மறந்துவிட்டாய்.

அவர்கள் மத்தியானம் வந்தார்கள். மாஸ்டரும் நானும் மட்டும் இருந்தோம். சட்டைகளைக் கொடிகளில் காயப் போட்டிருந்தோம். கதவு திறந்ததும் முதலில் பார்த்தது தையல்தான். எல்லார் சட்டையிலும் தையல் வெளியே தெரிந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. கத்தியிருந்தால் மாஸ்டர் பின்வாசல் வழியாக ஓடியிருப்பார். எனக்குச் சத்தம் வரவில்லை.

ஆணி இரும்புக் குழாயால் அவர் முழங்காலில் அடித்தான். பச்சை மட்டை முறிவதைப் போலச் சத்தம் கேட்டது. ஃபிரேம்களை ஒவ்வொன்றாகக் கிழித்தார்கள். சிவப்பு மை டப்பாவைத் தரையில் கவிழ்த்து, அதில் அவர் முகத்தை அழுத்தினார்கள். எது மை, எது ரத்தம் என்று தெரியவில்லை. "எந்தக் கையால இழுக்குற?" என்று ஆணி கேட்டான். அவர் இடது கையைக் காட்டினார். ஏமாற்றப் பார்த்தார், பாவம். ஆணி சிரித்துக்கொண்டே, "பாத்தா அப்படித் தெரியலையே" என்று வலது கையை மேஜை மேல் இழுத்து வைத்தான். ரப்பர் கட்டையின் மரப்பக்கத்தால் விரல் விரலாக அடித்தான்.

புதுப் பையன் எவனோ என் முடியைப் பிடித்து இழுத்தான். ஆணி அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். "டேய், அது நம்ம அண்ணன் தங்கச்சிடா!" என்றான். என்னிடம் திரும்பி, "நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு தங்கச்சி" என்று அன்பாகச் சொன்னான். நான் சுவரைப் பார்த்து நின்றேன். எனக்குப் பின்னால் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

நீ எனக்கு முன்னாலேயே எச்சரிக்கை எழுதினாய். அதை நூறு முறை படித்துவிட்டேன். அண்ணனுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று அம்மா சொல்கிறாள். பாசம்தான். ஆனால் மாஸ்டர் யார் என்று உனக்கு எழுதியிருந்தேன். அவருக்கு ஒரு வரி எழுத உனக்குத் தோன்றவில்லை.

போலீஸ் வந்தபோது மாஸ்டர் யாரையும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். நானும் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என்னிடமிருந்து நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

நேற்று அலுவலர் அம்மா வந்தார். உன் நடத்தை நன்றாக இருக்கிறது, நீ யார் மேலும் கை வைக்கவில்லை என்று காகிதத்தைப் பார்த்துப் படித்தார். அப்புறம் அம்மாவிடம் சம்மதம் கேட்டார். என் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா. அண்ணன் இந்த வீட்டுக்கு வர உனக்குச் சம்மதமா?" என்றார். "அவளுக்குப் பேச வராதுங்க. அவளுக்கும் சேர்த்துத்தான் நான் சொல்றேன்" என்றாள் அம்மா.

"எனக்குச் சம்மதம் இல்ல" என்றேன்.

அவர் பேனாவை நிறுத்திவிட்டு ஏன் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். ஆணி பெயரைச் சொன்னேன். சட்டையைத் திருப்பச் சொன்னது நீ என்று சொன்னேன். வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை. முடிப்பதற்குள் அம்மா என்னை அறைந்தாள். அலுவலர் தடுக்க வந்தும் விடவில்லை, மறுபடியும் அறைந்தாள். உதடு கிழிந்துவிட்டது. "பெத்த வயிறு எரியுதுடி, நீயெல்லாம் ஒரு பொண்ணா?" என்றாள். இரவெல்லாம் உன் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் என்னோடு பேசவில்லை.

அச்சுக்கூடத்தைத் திறந்துவிட்டேன். மாஸ்டர் படுக்கையிலிருந்து சொல்கிறார், நான் செய்கிறேன். புது ஃபிரேம் கட்டி மிச்சம் சட்டைகளை அடித்து அனுப்பிவிட்டேன். அவர்கள் பாட்டை நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

இப்போது எழுதுவதைக் கவனமாகப் படி. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் விடுதலை ஏன் நின்றது என்று நீ விசாரிப்பாய். வெல்டர் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று யாராவது சொல்வார்கள். அது பொய். அச்சுக்கூடத்தில் நடந்ததைக் கேட்ட பிறகும் அவர் சொன்ன வார்த்தையை மாற்றவில்லை. அம்மா உனக்காக அலுவலர் காலில் விழாத குறைதான். மாஸ்டர் உன் பெயரையே எடுக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னது நான் ஒருத்திதான்.

யாரையாவது அனுப்புவதாக இருந்தால் வேறு எங்கும் அனுப்பாதே. நான் காலையில் அச்சுக்கூடத்தில் இருப்பேன், சாயங்காலம் வீட்டில்.

உன் தங்கை