அண்ணன் தடவிப் பார்த்த பதக்கம்

14 ஆகஸ்ட் 1932, ஞாயிறு. பத்து பாகாட், மலாயா.

ஆரோக்கியம் அண்ணனுக்கு நீரிழிவில் கண் போய் ஒரு வருஷமாகிறது. பழைய ராஜாக்களையும் போர்களையும் பொறித்த வெண்கலப் பதக்கங்களை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் சேகரித்தோம். இன்று மாதா கோவிலில் பூசை முடிந்ததும் பெட்டியை அவர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். தடவியாவது பார்க்கட்டும் என்று தோன்றியது.

முதலில் வாட்டர்லூ பதக்கத்தை அவர் கையில் வைத்தேன். சிங்கப்பூர் ஏலக்கடையில் அவரே தேடிப் பிடித்தது. அதில் குதிரைகள் நன்றாகப் புடைத்து நிற்கும். வெகுநேரம் தடவினார்.

"இது எதுப்பா? ஒண்ணுமே தெரியலையே. தேஞ்சு போச்சா?"

விரல்களும் மரத்துவிட்டன என்று எனக்குப் புரிந்தது. அவருக்கு இன்னும் புரியவில்லை.

"ஆமாண்ணே, ரொம்பத் தேஞ்சிருக்கு. எனக்கே அடையாளம் தெரியல."

"பாவம், எந்த ராஜாவோ" என்று சிரித்தார். "நம்ம வாட்டர்லூவ எடுத்துக் குடு. அதுன்னா தொட்டதுமே சொல்லிருவேன்."

அதைக் கொண்டுவரவில்லை என்றேன்.

"சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை மறக்காம எடுத்துட்டு வர்றியா?"

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பியபடி பதிலுக்காகக் காத்திருந்தார்.