வாசிக்காமல் விட்ட வரி

சாயல்குடி,
26-12-1958

மகளுக்கு,

ஞானஸ்நானம் வாங்கிய பின் நீ எழுதிய முதல் கடிதம் வந்தது. உன் ஆத்தாளுக்கு எழுத்து தெரியாததால் வழக்கம்போல் நான்தான் வாசித்தேன். 'இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்துவிட்டேன்' என்ற வரியை மட்டும் விட்டுவிட்டேன். இருபது வருஷம் நீ இருந்த வீடு இது.

கிறிஸ்துமஸுக்கு உங்கள் வாசல்களில் நட்சத்திர விளக்குக் கட்டுவார்கள் என்று எழுதியிருந்ததை வாசித்தேன். அது வம்பாகிவிட்டது. நேற்றுப் பொழுது சாய்ந்ததும் உன் ஆத்தாள் பரணில் கிடந்த கார்த்திகை அகல்களை எடுத்து வாசலில் வரிசையாக ஏற்றிவிட்டாள்.

"கார்த்திகைதான் போன மாசமே முடிஞ்சிருச்சே?" என்று பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் சிரித்தாள்.

"எம் மகளுக்கு இன்னைக்குத்தான். அவ வந்தா வாசல் இருட்டா இருக்கக் கூடாதுல்ல."

நான் திரி போடவில்லை, எண்ணெய் ஊற்றவில்லை. நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். வாசலை மிதிக்காதே என்று சொன்னவன் நான்தானே.

அவள் சோறு வடிக்க உள்ளே போன நேரம், கடல்காற்றில் கடைசி அகல் அணைந்தது. நான் ஏற்றி வைத்தேன்.

கடிதத்தை ஒட்டுமுன் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நான் அகல் ஏற்றிய அந்த வரியையும் விட்டுவிடுவேன்.

உன் அய்யா