சிரித்த முகத்துக்கு ஐந்து

நாள் 112, காலை 9.10
நிலவின் மறுபக்க ஆய்வு நிலையம். ஒரே ஆள்: இசக்கியம்மாள். வழக்கமான வேலை. காணொளியின் தரத்தைக் கருவி நூற்றுக்கு அளக்கும். நான் கண்ணால் பார்த்து ஐந்துக்கு மதிப்பெண் போடுவேன். இரு பக்கப் படங்களையும் சுருக்கி அனுப்பும் இயந்திரம் என் மதிப்பெண்ணைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். இன்று தரைநிலையத்தில் தம்பி சுடலைமுத்து. படம் மங்கல், கருவி 61. ஆனால் அவன் சிரித்தான், ஐந்து போட்டேன். படத்தைத்தான் பார்க்க வேண்டும், முகத்தை அல்ல என்பது விதி. விதி எழுதியவருக்குத் தம்பி இல்லை போலும்.

நாள் 140, காலை 9.30
கருவி 97. நானும் ஐந்து. ஒருவழியாக இரண்டும் ஒத்துப்போகின்றன. தம்பி தினமும் சிரித்த முகம்தான். இவனுக்குக் கவலையே கிடையாதா?

நாள் 151, காலை 11.40
காற்றுச் சுத்திகரிப்பான் நின்றுவிட்டது. கையிருப்புக் காற்று 70 மணி நேரம். மீட்புக் கலம் வர 40 மணி நேரம். எழுத்துச் செய்திக் கருவி போன மாதமே பழுது. காணொளியில் அழுதுகொண்டே சொன்னேன். பதில்:
"என்னக்கா, இன்னைக்கு ஒரே சிரிப்பு? மொகமே தெளிஞ்சுபோச்சு. சரி, நாளைக்குப் பாப்போம்."

பகல் 12.25
அனுப்பிய படத்தின் நகலைப் போட்டுப் பார்த்தேன். நான் சிரிக்கிறேன். "இங்க எல்லாம் நல்லாருக்குடா" என்கிறேன், என் குரலிலேயே. நான் அதைச் சொல்லவே இல்லை. கருவி 99. சிரிப்புதான் தரம் என்று நானே பழக்கியிருக்கிறேன். சொந்தக் காசில் சூனியம்.

நாள் 152, காலை 10.05
'காற்று இல்லை, கலம் அனுப்பு' என்று காகிதத்தில் பெரிதாக எழுதிக் காட்டினேன்.
"கையில என்னக்கா, பூவா? அங்க ஏது பூ!"
பழைய படங்களையெல்லாம் எடுத்து, சிரிப்புக்கெல்லாம் ஒன்று போடுகிறேன். நானூறு போட்டால் இயந்திரம் திருந்தும். மாலை 5.40க்குள் கலம் கிளம்ப வேண்டும்.

மாலை 4.50
310 போட்டேன். மதிப்பெண் போடும் கட்டம் பூட்டிக்கொண்டது. திரையில்: 'மதிப்பெண்கள் வழக்கத்துக்கு மாறானவை. நம்பத்தகாத பார்வையாளர் நீக்கப்பட்டார்.'
தாறுமாறாகப் போடுபவரை நீக்கும் விதி. எல்லா ஆய்விலும் உண்டு. நானே எத்தனை பேரை நீக்கியிருக்கிறேன்.
சுடலை, நான் சிரிக்கலடா. நான்

நாள் 156, காலை 9.10 (இயந்திரப் பதிவு)
கையிருப்புக் காற்று 0. காணொளி அனுப்பப்பட்டது. கருவி 100. பார்வையாளர் மதிப்பெண் 5 (இயந்திரக் கணிப்பு). தரைநிலையப் பதில்:
"ஒன்னைய இப்படிப் பாத்தாதாங்க்கா எனக்கு நிம்மதி."